ஒன்பதால் பெருக்கினால்

அன்று காலை லாயத்தில் இருந்தவர்கள்: பல்லி, பல்லியின் அக்கா, லாயக்காரர், தோல் பட்டறை நடத்துகிற அம்மாள், முதலாளி. இதில் முதலாளி என்பது குதிரை. மாதம் முழுக்கத் தங்கை உழைத்துச் சம்பாதிப்பதை நின்ற இடத்திலேயே தின்று தீர்க்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பது என்று அக்காதான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். பல்லி என்ற பெயரும் அவள் கைங்கரியம்தான். தங்கை செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறாள், முன்பின் தெரியாதவர்கள் வாய்க்கு மெழுகிலும் பீங்கானிலும் பல் செதுக்குகிறாள், ஆகவே பல்லி. ஆறாவதாக இன்னொரு ஆளையும் சேர்த்துக்கொள்ளலாம். செருப்பு வாங்கின அட்டைப் பெட்டிக்குள், பழைய துணி சுற்றி, ஒரு சாண் உயரத்தில் ஒரு பொம்மைக் குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றிச் சுழி, பின்னங்காலில் சாக்ஸ் போட்டது போன்ற வெள்ளை, எல்லாம் முதலாளியை உரித்து வைத்திருந்தது. அதன் தலையில் மாட்டியிருந்த கடிவாளத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பொம்மைக் குதிரைக்குச் சேணமும் கடிவாளமும் செய்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொன்னால் அக்கா இன்றுவரை நம்புவதில்லை. தோலை வெங்காயச் சருகு மாதிரி சீவி, நூலிழையில் பாதியைப் பிரித்துத் தைத்து, கம்பியை வளைத்து எள்ளளவுக்குப் பக்கிள் செய்து, மாட்டி, படம் எடுத்து அனுப்பினால் அதற்கென்று போட்டி உண்டு, நடுவர்கள் உண்டு. படத்தைப் பார்க்கிறவன் நிஜக் குதிரை என்று ஏமாற வேண்டும், அவ்வளவுதான் சட்டம். தோல் எங்கேயும் தொளதொளவென்று நிற்கக் கூடாது. தொளதொளவென்று நின்றால் பொம்மை என்று காட்டிக் கொடுத்துவிடும். பல் செதுக்குகிற கருவிகளும் அந்தக் கையும் இருந்ததால் பல்லிக்கு இது சுலபமாக வந்தது. சுலபமாக வந்தது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது. சாப்பாட்டு மேசையில் பாதி அவளுடைய பட்டறை. ஒரு நாள் அக்கா வாயிலிருந்து எதையோ எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "ஏண்டி, இது உன் பக்கிளா, என் பல்லா? எதுன்னாலும் நீதான் பதில் சொல்லணும்" என்றாள்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் பல் கூடத்தை ஊருக்கு மறுகோடியில் புதுக் கட்டடத்துக்கு மாற்றப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். அங்கே போனால் விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும், லாயத்தின் கதவை அடைத்த பிறகுதான் திரும்ப முடியும். குதிரை வைத்திருப்பது நாற்காலி வைத்திருப்பது போல இல்லை. தினமும் நடத்த வேண்டும், குளம்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும், உடம்பைத் தேய்க்க வேண்டும். அதற்கு ஆள் வைக்கிற வசதி இருந்தால் அவள் ஏன் பல் செதுக்குகிறாள். வேலையை விட்டால் முதலாளிக்குத் தீனி இல்லை, வேலைக்குப் போனால் முதலாளியை விற்க வேண்டும். வாங்க ஆளும் வந்துவிட்டுப் போயிருந்தான். முதுகைத் தட்டிப் பார்த்தவன் மறந்தும் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோல் பட்டறை அம்மாள் போட்டிப் படத்தை எங்கேயோ பார்த்துவிட்டுத் தேடிப் பிடித்துப் பேசினாள். பை, பெல்ட் என்று தொழில் நடத்திவிட்டு, இப்போது குதிரைச் சாமான் பக்கம் கையை நீட்டியிருப்பவள். பட்டறை, லாயத்திலிருந்து கூப்பிடு தூரம். "பொம்மைக்கு இவ்வளவு சுத்தமாச் செய்றீங்க. நிஜத்துக்கு ஒண்ணு செஞ்சு உங்க குதிரை தலையில மாட்டி வைங்க. வந்து பாக்கறேன். பிடிச்சா எங்ககிட்டயே வேலைக்கு வந்துடுங்க" என்றாள். பல்லி அன்றைக்கே பொம்மையின் கடிவாளத்தைக் கழற்றினாள். பொம்மை, நிஜக் குதிரையில் ஒன்பதில் ஒரு பங்கு. ஒவ்வொரு வாரையும் அளந்து ஒன்பதால் பெருக்கினாள். மேலே காதுக்குப் பின்னால் போகிற தலைவார், இரண்டு பக்கமும் இறங்குகிற கன்னவார், காதுக்கு முன்னால் குறுக்கே ஓடுகிற நெற்றிப்பட்டை. தைத்து முடித்து, முதலாளி அரைத்தூக்கத்தில் நின்றபோது மாட்டிப் பார்த்தாள். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

அப்புறம்தான் முதலாளி தலையை உதற ஆரம்பித்தது. மூன்று வாரமாக உதறியது. லாயக்காரர் ஈ என்றார். அக்கா திமிர் என்றாள். பல்லிக்குப் பல்லைத் தவிர வேறு எது தோன்றும்? குதிரை மருத்துவரை வரவழைத்து முதலாளியின் வாயைத் திறக்க வைத்தாள். அவர் கையை முழங்கைவரை விட்டுத் துழாவி, "உன் பல்லைவிட இதோட பல் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாள் பார்க்க வந்த அன்று காலை அக்கா கடிவாள வாரைப் பிடித்திருந்தாள். அம்மாள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குதிரைக்கு ஒரு கை தள்ளி நின்றபடியே தையலை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விளிம்பைத் தடவினாள். பக்கிளைப் புரட்டினாள். பொம்மையையும் பெட்டியிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

"வேலை சுத்தம்" என்றாள். "ஒண்ணாம் தேதி வந்துடுங்க. குதிரையேற்றப் பள்ளிக்கூடம் ஒண்ணு ஒரு டஜன் கேட்டிருக்கு. இதையே மாதிரியா வச்சுக்கலாம். இதே அளவு, இதே தையல்."

அக்கா தங்கையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பல்லிக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. சரியாக அப்போது முதலாளி தலையை ஓங்கி உதறி, அக்காவின் தோளில் ஓர் இடி இடித்தது. அக்கா தடுமாறித் தீனித் தொட்டியில் உட்கார்ந்தாள்.

"நல்ல நேரம் பாத்த போ" என்றாள் அக்கா குதிரையிடம். "இவளுக்கு வேலை கிடைச்சா உனக்குத்தான்டா சோறு."

"கொஞ்சம் முரட்டுக் குதிரையோ?" என்றாள் அம்மாள் பின்வாங்கி.

பல்லிக்குச் சுருக்கென்றது. கடிக்காத, உதைக்காத, பிளாஸ்டிக் பை பறந்து வந்தாலும் நின்று வேடிக்கை பார்க்கிற குதிரை. லாயக்காரர் அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைத்த சத்தத்துக்கு முதலாளி காதை மட்டும் பின்னால் திருப்பியது. அப்போதுதான் பல்லி பார்த்தாள். காது திரும்பியபோது அதன் அடிப்பாகம் புடைத்து வெளியே வந்து நெற்றிப்பட்டையில் முட்டியது. பட்டை ஒரு நூல்கூட நகரவில்லை. அது குட்டை. குட்டையாக இருந்ததால் தலைவாரையும் முன்னால் இழுத்துக் காதடியில் இறுக்கிப் பிடித்திருந்தது. காது முட்டியது, திரும்ப முன்னால் வந்தது, தலை உதறியது. அம்மாள் கையிலிருந்த பொம்மையின் காதுகள் இரண்டும் முன்னால் பார்த்தபடி அப்படியே நின்றன. வாங்கின நாளிலிருந்து அப்படியேதான் நிற்கின்றன.

ஈயைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், வைக்கோலைக்கூட மாற்றினாள். தான் தைத்ததை மட்டும் பார்க்கவில்லை. அழகாக இருந்ததால் பார்க்கத் தோன்றவில்லை. இப்போதும் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்தான். வேலை கையில் இருக்கிறது. முதலாளிக்கு இன்று மதியமே வேறு பட்டை மாற்றிவிடலாம். அந்த டஜனைப் பற்றி ஒண்ணாம் தேதிக்கு மேல் பதமாக ஒரு பேச்சு எடுக்கலாம். அதற்குள் எத்தனை தைத்து அனுப்பியிருப்பார்கள், எந்தெந்தக் குதிரைக்கு முரடு என்று பெயர் வந்திருக்கும் என்பது தனிக் கணக்கு. அவள் யோசித்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் யோசித்தாள்.

பிறகு சட்டைப் பையிலிருந்து மெழுகு சீவுகிற கத்தியை எடுத்து, பட்டைக்குக் கீழே விரலைக் கொடுத்து, நடுவில் அறுத்தாள்.

"ஐயோ, என்ன பண்றீங்க?" என்றாள் அம்மாள்.

"பட்டை சின்னது மேடம். காது அசைய இடமில்ல. நான்தான் தப்பா அளந்துட்டேன்."

முதலாளி பழக்க தோஷத்தில் இன்னொரு தடவை உதறியது. அப்புறம் காதைப் பின்னால் திருப்பியது. முன்னால் கொண்டு வந்தது. ஒன்றை மட்டும் பக்கவாட்டில் சாய்த்தது. புது வீட்டுக்குக் குடி வந்தவன் கதவு ஜன்னலைத் திறந்து மூடிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அப்ப ஈ இல்லையா?" என்றார் லாயக்காரர். மூன்று வாரமாக ஈ மருந்து அடித்தவர் அவர்.

"பாவி" என்றாள் அக்கா, தொட்டியிலிருந்து எழாமலே. "நல்லாருந்த பல்லைப் பிடுங்கப் பாத்தியே."

அம்மாளின் முகம் சுருங்கியிருந்தது. "நான்தான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேனே. எதுக்கு அறுத்தீங்க?"

"நீங்க சொன்னீங்க மேடம். இவன் சொல்லலையே."

அம்மாள் பொம்மையைப் பெட்டியில் வைத்தாள். கிளம்பப் போகிறாள் என்று தெரிந்தது. இனிமேல் இழக்க என்ன இருக்கிறது என்ற தைரியத்தில் பல்லி கேட்டாள்: "உங்க பட்டறையில எதுல மாட்டி அளவு பாக்கறீங்க?"

"மரத்தலை இருக்கு."

"அதுக்குக் காது இருக்கா?"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க அதில் எதுவும் இல்லை. "ஒண்ணு உடைஞ்சு போச்சு" என்றாள். "இன்னொண்ணு, மாட்டும்போது இடிக்குதுன்னு நாங்களே சீவிட்டோம்."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை அடைத்தாள். அம்மாள் அவளை முறைத்தாள். அப்புறம் அவளுக்கே உதட்டோரம் கோணியது. அடக்கிக்கொண்டாள்.

"நான் குதிரை மேல ஏறினதே இல்ல" என்றாள், யாரையும் பார்க்காமல். "சாயங்காலம் ஒருத்தர் கடிவாளம் எடுக்க வர்றாரு. எல்லாம் அந்த மரத்தலையில அளந்து தச்சது. வண்டியில ஏறும்மா."

"வேலை...?"

"ஏறுன்னேன்ல."

குதிரையை உள்ளே விடும் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டாள். நீங்க என்று கூப்பிட்ட அம்மாள் நீ என்று இறங்கிவிட்டாள், அது நல்லதற்கா கெட்டதற்கா என்று போகிற வழியில் பல்லி ஒரு முறை நினைத்தாள்.

பட்டறையில் புதுத்தோலும் பசையும் சேர்ந்த நெடி. முன்கூடத்தில் பைகள் தொங்கின. பின்னறையின் வாசலில் கம்பத்தில் செருகிய மரத்தலை, காதில்லாமல், வழுக்கையாக, எதைப் போட்டாலும் சம்மதம் என்கிற முகத்தோடு இருந்தது. உள்ளே சுவர் முழுக்கக் கடிவாளங்கள் ஆணியில் வரிசையாகத் தொங்கின. ஒன்றின் பட்டையைப் பல்லி விரலால் அளந்தாள். அடுத்ததை அளந்தாள். இரண்டும் குட்டை. பிறகு முதல் ஆணியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

வாசலில் யாரோ பெல்ட் கேட்டு வந்து நின்றார்கள்.

"இன்னைக்குக் கடை இல்லீங்க. எங்க ரெண்டு பேருக்கும் உள்ள வேலை இருக்கு" என்றாள் அம்மாள்.

பல்லி மூன்றாவது ஆணிக்குக் கையை நீட்டினாள். அவள் முதுகுக்குப் பின்னால் அம்மாள் கதவை உள்பக்கமாகச் சாத்தினாள். பூட்டில் சாவி திரும்பியது.