வோண்ட்ரா ஏரியில் விழாத சேவல்

2012 அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு வேட்டைக்காலம் தொடங்கி நாற்பது நிமிடம் ஆனபோது, ஆர்டிஸ் பெட்ரிக் சுட்ட ஃபெசன்ட் சேவல் கீழே விழவில்லை. சுட்டது சரியாகத்தான் பட்டது. கழுத்து பின்னால் சாய்ந்தது, நெஞ்சிலிருந்து ஒரு கைப்பிடி இறகு பிய்ந்து பறந்தது, அந்த இறகுகள் ஒவ்வொன்றாக ஆடி ஆடித் தரைக்கு வந்து சேர்ந்தன. சேவல் மட்டும், இறக்கை பாதி விரிந்தபடி, நீண்ட வால் வடகிழக்கைக் காட்ட, இருபத்திரண்டு அடி உயரத்தில் நின்றுவிட்டது. ஆர்டிஸ் இரண்டாவது தோட்டாவைச் செலவழிக்கவில்லை. செத்ததை மறுபடி சுடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வோண்ட்ரா ஏரியும் அதைச் சுற்றிய புல்வெளியும் அரசாங்கத்துக்குச் சொந்தம். உரிமம் வாங்கிய யார் வேண்டுமானாலும் நாயோடு இறங்கி ஃபெசன்ட் என்ற நீளவால் காட்டுக்கோழியை வேட்டையாடலாம். பெட்டையைச் சுடக்கூடாது, ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று சேவல், அவ்வளவுதான் சட்டம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் அந்தப் பகுதியில் பதினான்கு மாதமாக மழை இல்லை. ஏரி ஜூலையிலேயே வற்றிப்போய், கெண்டை மீன்களின் முள்ளெலும்பு வெயிலில் வெளுத்துக் கிடந்தது. சம்பங்கோரை தண்ணீரில் நிற்காமல் புழுதியில் நின்று, காற்று அடிக்கும்போதெல்லாம் காகிதம் கசங்குகிற சத்தம் போட்டது. மாடுகளுக்குத் தீவனம் இல்லையென்று பொதுநிலத்துப் புல்லையும் வெட்டிக்கொள்ள அரசாங்கம் அனுமதித்துவிட்டதால், கோழிகள் ஒளிவதற்கு ஏரியின் நடுவில் இருந்த கோரைக் காட்டை விட்டால் வேறு இடமில்லை. வழக்கமாக முதல் நாளன்று நாற்பது வண்டிகள் நிற்கும் இடத்தில் அன்று ஏழு நின்றன.

ஆர்டிஸுக்கு அறுபத்தொரு வயது. லோம்னிட்ஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷமாகச் சமையல் வேலை. ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரும் அவள் கையால் மாட்டிறைச்சிக் குழம்பும் கசகசா வைத்த கோலாச்சி ரொட்டியும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். புருஷன் மிலோ மார்ச் மாதம், டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தபோது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் விட்டுப்போனதில் முக்கியமானது மிங்கா என்ற நாய். வெள்ளை உடம்பில் ஈரல் நிறத் திட்டு. கோழி வாசனை வந்தால் ஒரு முன்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, மூச்சுவிடுவதுகூடத் தெரியாமல் உறைந்து நிற்கும் ஜாதி. ஆர்டிஸ் வைத்த சோற்றை மிங்கா மரியாதையாகத் தின்றது. தின்று முடித்ததும் கொட்டகைக்குப் போய் டிராக்டர் பக்கத்தில் படுத்துக்கொண்டது. ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அவள் காலடியில் வந்து படுக்கவில்லை.

மிலோவின் அண்ணன் நார்பர்ட், ஏரியை ஒட்டி, ஒரு வேலி மட்டும் நடுவே இருந்த நிலத்தில், காசு கொடுத்து வரும் வெளியூர்க்காரர்களுக்கு வேட்டை விடுதி நடத்தினான். கூண்டில் வளர்த்த கோழிகளைக் காலையில் திறந்துவிடுவான், வந்தவர்கள் சுட்டுக்கொள்வார்கள். "உனக்கு எதுக்கு அந்த நாய்? நீ சுடப்போறியா, சமைக்கப்போறியா?" என்று அவன் நாயைத் தனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஆர்டிஸ் சம்மதித்தாள். வேட்டைக்காலத்து முதல் நாள் மட்டும் தானே அதைக் கூட்டிக்கொண்டு போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் பேச்சு. அப்படித்தான் மிலோவின் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் காய்ந்த ஏரிக்குள் இறங்கினாள். மிங்கா அவளைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் ஓடி, கோரை விளிம்பில் உறைந்து நின்றது, சேவல் கத்திக்கொண்டு எழும்பியது, அவள் சுட்டாள்.

மிங்கா சேவலுக்கு நேர் கீழே போய், விழப்போவதை வாங்கிக்கொள்ள வாயைக் கொஞ்சம் திறந்து, அண்ணாந்து உட்கார்ந்துகொண்டது. கூப்பிட்டால் வரவில்லை. இரண்டு மணிக்குள் மற்ற வண்டிக்காரர்கள் சுட்ட நான்கு சேவல்களும் அதேபோல் அந்தரத்தில் நின்றுவிட்டன. ஒரு சேவல் இரண்டு ஆள் உயரத்தில், இன்னொன்று கரையோரக் காற்றாலையின் உச்சிக்கு மேலே. வேலிக்கு அந்தப்பக்கம், நார்பர்ட்டின் நிலத்தில், சேவல்கள் எப்போதும்போல் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தன. வேட்டைக்காரர்கள் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி நின்றார்கள். அவர்களுடைய நாய்கள் மட்டும் சீக்கிரமே அலுத்துப்போய் வண்டிகளுக்குத் திரும்பிவிட்டன.

மூன்று மணிக்கு வனத்துறை அதிகாரி கர்ட் ஹாஸ் வந்தான். ஆறாம் வகுப்பில் ஆர்டிஸிடம் இரண்டாவது தட்டுக் கேட்டு வாங்கித் தின்ற பையன். இப்போது முப்பத்தைந்து வயது, இடுப்பில் சட்டப் புத்தகம். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான்.

"மிஸஸ் பெட்ரிக், நீங்க சுட்டதுதானே?"

"நான்தான் சுட்டேன். நான் தொங்கவிடலை."

"சுட்ட பறவையை எடுக்காம விட்டா குத்தம். எடுக்கறதுக்கு முயற்சி பண்ணணும்னு இருக்கு."

"பண்ணு. நீ பள்ளிக்கூடத்துலயே மரம் ஏறுறவன்தானே."

"இங்க மரம் எங்க இருக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

கர்ட் ஊர்த் தீயணைப்பு வண்டியை வரவழைத்தான். அதன் ஏணியை வெறும் ஆகாயத்தைப் பார்த்து நீட்டி நிறுத்தினார்கள். சுட்டவள்தான் ஏறவேண்டும் என்று ஆர்டிஸ் சொல்லிவிட்டாள். முழங்கால் வலி இருந்தும் ஏறினாள். மேலே போய்ச் சேவலின் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்தாள். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டிபோல் சூடாக இருந்தது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. தள்ளிப் பார்த்தாள், ஒரு மலையைத் தள்ளுவதுபோல் இருந்தது. செம்பு நிறமும் பச்சையும் ஊதாவும் ஒன்றுக்குள் ஒன்று கலந்த அந்தக் கழுத்தை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம், அவள் பார்த்ததே இல்லை. முப்பத்தெட்டு வருஷம் இந்தப் பறவையின் தோலை உரித்தவள் அவள். பிறகு அதன் கண்ணைப் பார்த்தாள். கண்ணுக்குள் ஏரி நிறைந்திருந்தது. கரை தொட்டுத் தண்ணீர், அதன்மேல் மேகம், கோரையின் அடித்தண்டில் சின்னச் சின்ன அலை. ஒரு மீன் துள்ளி விழுந்த வட்டம் விரிந்துகொண்டே போய்க் கண்ணின் ஓரத்தில் மறைந்தது. ஆர்டிஸ் திரும்பிக் கீழே பார்த்தாள். வெடித்த மண்ணும் மீன் முள்ளும் நாயும்தான் இருந்தன.

இறங்கி வந்து, "சூடா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். கர்ட் ஏறினான். அவன் ஏணி உச்சியில் அத்தனை நேரம் நின்றதைப் பார்த்துத் தீயணைப்புக்காரர்கள் அவன் மயங்கிவிட்டானோ என்று பயந்தார்கள். இறங்கியபோது அவன் முகம் ஈரமாக இருந்தது. பாதி எழுதியிருந்த அபராதச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "முயற்சி பண்ணியாச்சு" என்றான். அன்று பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிப் பேர் ஏறி இறங்கிவிட்டார்கள். எல்லோரும் பார்த்தது தண்ணீரைத்தான். அந்த வருஷம் வோண்ட்ரா ஏரியில் அதற்குமேல் யாரும் சுடவில்லை. அப்படி ஒரு தடையும் போடப்படவில்லை; சுடத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பேச்சுப்படி நார்பர்ட் ஏரிக்கே வந்தான். மிங்கா இரவெல்லாம் சேவலுக்குக் கீழேயே இருந்திருந்தது.

"என் நிலத்துல நேத்து அறுபத்தெட்டு விழுந்துச்சு. ஒண்ணுகூட மேல ஒட்டிக்கலை. உங்க அரசாங்க நிலத்துலதான் சேவலுக்கும் சம்பளத்தோட லீவு போல" என்றான்.

"ஏறிப் பாரு, நார்பர்ட்."

"மாட்டேன். பாத்தா நம்பணும்."

மிங்காவின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான். பட்டை கழன்று கையோடு வந்தது. அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் போட்டுக் கதவை அடைத்தான். திங்கட்கிழமை விடிந்தபோது மிங்கா சேவலுக்குக் கீழே இருந்தது. விடுதி நாய்க்கூண்டின் கம்பி உள்ளிருந்து கடித்து விலக்கப்பட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி கொண்டுபோனான். புதன்கிழமை மறுபடி சேவலுக்குக் கீழே. இந்தத் தடவை இரண்டு முன்பாதத்திலும் ரத்தம். நார்பர்ட் வந்தபோது ஆர்டிஸ் ஒரு பழைய பால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, மிங்காவின் காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் வண்டியிலிருந்து இறங்கவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டுச் சொன்னான்:

"நாய் வேணும்னு இல்ல, ஆர்டிஸ். என்கிட்ட பதினோரு நாய் இருக்கு."

"தெரியும்."

"நானும் மிலோவும் கடைசி நாலு வருஷம் நேருக்கு நேர் பேசிக்கலை. அவனோடது ஒண்ணாவது என் வீட்டுல இருக்கட்டும்னு பாத்தேன்."

"அதுவும் தெரியும்" என்றாள் ஆர்டிஸ். "அதனாலதான் சரின்னேன்."

நார்பர்ட் வண்டியை அணைத்துவிட்டு இருட்டும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தான். போகும்போது கழுத்துப்பட்டையை வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனான்.

பிறகு இருபத்தேழு நாள். பள்ளிக்கூடச் சமையலறையைக் கழுவி மூடிவிட்டு மூன்று மணிக்கு ஆர்டிஸ் வருவாள். ஒரு குடம் தண்ணீர், மிச்சமான இறைச்சி, ஒரு கம்பளி. வற்றிய ஏரியின் நடுவில் வாளிமேல் உட்கார்ந்து, நாய் பார்க்கும் பக்கம் பார்ப்பாள். பொதுநிலத்தில் இரவு தங்க அனுமதி இல்லை என்பதால் கர்ட் ஒருநாள் வந்து நின்றான். "தங்கறது நாய்தான். நீங்க துணைக்கு வந்து போறீங்க" என்று தானே ஒரு தீர்ப்புச் சொல்லி, தன் வண்டியிலிருந்து சூடான காப்பிக் குடுவையைக் கொடுத்துவிட்டுப் போனான். புழுதிக்காற்று அடித்த நாட்களில் மற்ற திசையெல்லாம் மங்கிப்போக, சேவல் இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் காற்று துடைத்து வைத்ததுபோல் இருந்தது. உறைபனி விழுந்த நாட்களில் அதன் இறகில் பனி பிடிக்கவில்லை. ஆர்டிஸ் கடவுளை நினைக்கவில்லை, மிலோவை நினைத்தாள் என்றும் சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய ஒன்றின் கீழே உட்கார இடம் கிடைத்ததே என்று நினைத்தாள்.

நவம்பர் இருபதாம் தேதி மாலை நாலேகாலுக்கு மிங்கா எழுந்து, உடம்பை உதறி, ஆர்டிஸிடம் வந்து அவள் பூட்ஸ்மேல் தாடையை வைத்தது. அவள் அசையாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நாய் வண்டியைப் பார்த்தது. இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். அன்றிரவு அது கொட்டகைக்குப் போகவில்லை.

அடுத்த வருஷம் மே மாதம் மழை பெய்தது. ஒன்பது நாள் விடாமல் பெய்து ஏரி நிரம்பியது. ஐந்து சேவல்களும் தண்ணீருக்கு மேலே நின்றன. படகில் ஏணி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்த கர்ட், இப்போது கண்ணில் தன் முகமும் தொப்பியும்தான் தெரிவதாகச் சொன்னான். பருந்துகள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டதால் பெட்டைகள் கரையெல்லாம் கூடு கட்டி, ஒவ்வொன்றும் பத்து, பன்னிரண்டு குஞ்சு பொரித்தன. அடுத்த ஆண்டு வனத்துறை வெளியிட்ட வரைபடத்தில் அந்த ஐந்து இடமும் சின்னப் புள்ளிகளாக, கழிப்பறை, வண்டி நிறுத்தும் இடம் போன்ற குறிகளோடு சேர்த்து, குறிக்கப்பட்டிருந்தன. வெளியூர்க்காரர்கள் முதல் அரை மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். பிறகு நாயை அவிழ்த்துவிடுவார்கள். ஊர்க்காரர்கள் வழி சொல்ல அந்தச் சேவல்களை அடையாளமாகப் பயன்படுத்தினார்கள். நார்பர்ட் 2014 வசந்தத்தில் கூண்டுக் கோழி வளர்ப்பதை விட்டுவிட்டு, வேலியில் ஒரு வாசல் வைத்தான்.

அந்த அக்டோபரில் அவன் அந்த வாசல் வழியாக வந்து ஆர்டிஸோடு வடகரையில் நடந்தான். மிங்கா கோரை ஓரத்தில் ஒரு காலைத் தூக்கி உறைந்தது. சேவல் எழும்பியது, ஆர்டிஸ் சுட்டாள். நார்பர்ட் மேட்டுக்கு அந்தப்பக்கம் பின்தங்கியிருந்ததால் சத்தம் மட்டும்தான் அவனுக்குக் கேட்டது.

"விழுந்துச்சா?" என்று கத்தினான்.

"விழாம?" என்றாள் ஆர்டிஸ்.

மிங்கா கோரைக்குள்ளிருந்து நனைந்து வந்து, அவளுக்கு எதிரில் நின்று, ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்து, சேவலை அவள் கையில் வைத்தது. இன்னும் இரண்டு சேவலுக்கு அனுமதி இருந்தது, வெளிச்சமும் இருந்தது. அவர்கள் மேற்கே நடந்தார்கள்.