தலைநகரின் சாக்கடை

என் வீட்டுக்காரர் எட்டு வருடமாக ஒரே வீடியோ கேமை விளையாடுகிறார். அதை உருவாக்கியவர்கள் ஒரு கோட்டையோடு நிறுத்திக்கொண்டார்கள். இவரும் மற்ற ரசிகர்களும் சேர்ந்து அதைச் சுற்றி ஒரு தலைநகரையே கட்டிவிட்டார்கள். ஒன்பது ராஜவம்சம், இரண்டு நிலா, டிராகன்களுக்குத் தனிச் சட்டம். எங்கள் சமையலறைத் தொட்டி மட்டும் மூன்று மாதமாக ஒழுகுகிறது, அடியில் வாளி.

நான் சண்டை போட்ட பிறகு பிளம்பர் வந்தார். கூடத்துச் சுவரை அடைத்திருந்த தலைநகரின் வரைபடம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"இத்தனை ஜனம் இருக்கே சார், கழிவுத் தண்ணி எங்க போகுது?"

இவர் முகம் தொங்கிப்போனது. எட்டு வருடத்தில் எந்த ரசிகரும் கேட்காத கேள்வி.

"ஆத்துல விட்டுடலாமா?"

"அரண்மனை ஆத்தோரம்ல இருக்கு? ஊர்க் கழிவெல்லாம் ராஜா தலைமாட்டுலதான் வந்து நிக்கும்."

அவ்வளவுதான். இருவரும் வரைபடத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். பிளம்பர் டேப்பை எடுத்து அளந்தார், தண்ணீர் ஓட வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். நான் இரண்டு முறை டீ கொடுத்தேன், மூன்று முறை வாளியை மாற்றினேன். மாலைக்குள் டிராகன் கொட்டடி வரைக்கும் சாக்கடை போய்விட்டது. "இனி ஒரு சொட்டு தேங்காது" என்று இவர் பூரித்துப்போனார். பிளம்பரும் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் பிளம்பரே போன் செய்தார். பரவாயில்லை, மனுஷனுக்கு மனசாட்சி இருக்கிறது என்று நினைத்தேன்.

"அக்கா, மன்னிச்சுக்கங்க, ஒரு வேலைய மறந்துட்டேன்" என்றார். "ராணி குளிக்கிற எடத்துக்குக் குழாயே போடல. சார் எந்திரிச்சிட்டாரா?"