எதிலும் பொருத்தாத பேடர்

யாமிகாமா என்றால் இருட்டு அரிவாளாம். ஜப்பானில், ஒசாகா நகரத்தில், இரண்டு பள்ளிக்கூடப் பெடியன்கள் தொடங்கிய திராஷ் மெட்டல் குழுவின் பெயர் அது. கதவை உடைக்கிற வேகத்தில் கிற்றார், அதற்கு மேலே ட்ரம், அதற்கும் மேலே ஒருவர் தொண்டை கிழியக் கத்துவது. பிடித்தவனுக்கு அமிர்தம், மற்றவனுக்குத் தலையிடி. நாற்பது வருடமாக அதையே செய்கிறார்கள். இடையில் எத்தனையோ பேர் வந்து சேர்ந்து விலகிப் போனார்கள். ஒருவர் புத்த பிக்குவாகவே போய்விட்டார். சொந்த ஊரில் கூட்டம் குறைய, கடைசியில் ஜெர்மனிதான் அவர்களுக்குச் சோறு போட்டது. நரைத்த தாடியும் கையில்லாத ஜீன்ஸ் சட்டையுமாக ஒரு சனம் இங்கே இன்னமும் அவர்களுக்காக மழையில் நிற்கும்.

மாறாமல் இருந்தவர்கள் இரண்டு பேர்தான். பாடிக்கொண்டே கிற்றாரும் வாசிக்கிற ஹிசாவோ, ட்ரம் அடிக்கிற தொமொகி. ஒருவனுக்கு முடியாமல் போனால் மற்றவனும் அன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பேசி வைத்திருந்தார்கள். பேட்டி எடுக்க வருகிற எல்லாரிடமும் தொமொகி இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். பக்கத்தில் இருக்கிற ஹிசாவோ சிரிக்க மாட்டார்.

இந்தமுறை ஜெர்மனிச் சுற்றுக்குச் சவுண்ட் பார்க்க வந்தவள் ஆதிரை. வுப்பர்டாலில் பிறந்து வளர்ந்தவள். மகளைப் பல் வைத்தியராக்க வேண்டும் என்று தகப்பன் மகேந்திரராஜா ஆசைப்பட்டார். அவள் சவுண்ட் தொழிலுக்கு ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்துவிட்டு வந்து நின்றாள். வான் ஓட்டவும் சாமான் இறக்கி ஏற்றவும் கூட வந்தவர் சேயோன் அண்ணை.

பிராங்பேர்ட்டில் முதல் நாளே ஆதிரைக்குப் பயம் பிடித்துவிட்டது. மேடையில் பாடுகிறவருக்குத் தன் சத்தம் கேட்க வேண்டுமென்று அவர் காலடியில் ஒரு ஒலிப்பெட்டி இருக்கும், மொனிற்றர் என்பார்கள். அதை இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்று ஹிசாவோ கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். கூட்டினாள். பக்கத்தில் போய் நின்று பார்த்தவளுக்கு நெஞ்செலும்பு அதிர்ந்தது. இப்படியே போனால் மனிதருடைய காது போய்விடும் என்று நினைத்தாள்.

அவளுடைய தொழிலில் இதற்கென்று ஒரு பழைய கள்ளத்தனம் இருக்கிறது. எல்லாச் சத்தத்தையும் கலந்து அனுப்புகிற மிக்சர் மேசையில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளுகிற சின்னக் கட்டைக்குப் பேடர் என்று பெயர். எதிலும் பொருத்தாத ஒரு பேடரைச் சும்மா விட்டு வைத்திருப்பார்கள். பாடகர் கரைச்சல் தந்தால் அவர் கண் காண அதை மேலே தள்ளுவார்கள். சத்தம் ஒரு துளி கூடாது, ஆனால் மனம் கூடிவிட்டதாக நம்பிவிடும். பெரிய பெரிய கொம்பர்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஆதிரையும் தள்ளினாள், ஹிசாவோ கட்டைவிரலை உயர்த்தினார். அடுத்தடுத்த ஊர்களில் அவள் உண்மையான சத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வந்தாள். பிறகு அவர் கூட்டச் சொல்லிக் கேட்பதையே விட்டுவிட்டார்.

“பாத்தீங்களே அண்ணை, மனுசன்ர காதைக் காப்பாத்திப் போட்டன்” என்று சேயோனிடம் பெருமை அடித்தாள்.

வுப்பர்டாலில் பின்னேரம் ஒத்திகை. ஹிசாவோ நாலு வரி வாசித்தார். சரியா என்று ஆதிரை கையால் கேட்டாள். கட்டைவிரல் உயர்ந்தது. அப்போதுதான் அவள் கண் மேடை விளிம்புக்குப் போனது. மொனிற்றரின் வயர் சுருட்டினபடியே கிடந்தது. சேயோன் அண்ணை அதை இன்னும் பொருத்தவேயில்லை.

ஆதிரை அந்த வயரையும் ஹிசாவோவின் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் கூட்டச் சொல்வதை விட்ட நாளில் தன் கெட்டித்தனம் பலித்தது என்று நினைத்தாளே, அன்றைக்குத்தான் அவருக்குக் கொஞ்சநஞ்சம் கேட்டதும் நின்றுபோயிருக்கிறது. அவளுடைய கை மேலே போவதைப் பார்த்து மனிதர் விரலைத் தூக்கியிருக்கிறார். ஏமாந்தது அவள்தான். தன்னை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“அண்ணை, அவருக்கு ஒண்டும் கேக்கேல்லை. தொமொகியின்ர முழங்கையைப் பாத்துத்தான் பாட்டைத் தொடங்கிறார்.”

சேயோன் வயரைப் பொருத்திவிட்டு நிமிர்ந்தார். “நீர் வாயைத் திறவாதேயும் பிள்ளை. தொமொகிக்குத் தெரிஞ்சா அண்டையோட குழு முடிஞ்சுது. ஹம்பேர்க்கில வாற பெரிய மேடைக்காகத்தான் அந்தாள் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்.”

“பிழையா வாசிச்சா?”

“கத்துற பாட்டு. ஆருக்கு விளங்கப்போகுது?”

எல்லாருக்கும் விளங்கியது. ஹம்பேர்க்கில் திறந்தவெளி, மதியம் திரும்பிய நேரம், நச்சு நச்சென்று மழை. மூன்றாவது பாட்டில் ஹிசாவோவின் கிற்றாரில் ஒரு கம்பி இளகிச் சுருதி இறங்கிவிட்டது. ஒவ்வொரு வரியும் கோணலாக வந்தது. இந்தப் பாட்டுகளோடு கிழடான சனம் அது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற இரண்டாவது கிற்றார்காரர் வேறு பக்கம் பார்த்தார். மூத்தவரிடம் பிழை சொல்கிற துணிவு அவருக்கு இந்த ஜென்மத்தில் வராது. தொமொகிக்குத் தெரிய வழியில்லை. தன் மொனிற்றரில் பேஸ் கிற்றாரும் ஹிசாவோவின் குரலும் மட்டும் போதும் என்று கேட்டு வாங்கியவர் அவர்.

ஆதிரை ஹிசாவோவின் கிற்றார் பேடரைக் கீழே இழுத்தாள். இது பொருத்தின பேடர். கோணல் போய்விட்டது, சனம் மறுபடி தலையை ஆட்டியது. ஹிசாவோ கண்ணை மூடிக்கொண்டு தன் தனி வாசிப்பைத் தொடங்கினார். விரல்கள் பறந்தன. ஒரு ஒலிகூட வெளியே வரவில்லை. முகத்தில் அப்படியொரு ஆனந்தம். அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்த மனிதரை இன்னும் எத்தனை தரம் ஏமாற்றுவது?

பாட்டு முடிந்ததும், சுருதி கூட்டி வைத்திருந்த மற்றக் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஏறினாள். ஹிசாவோ என்ன என்பதுபோலப் பார்த்தார். இளகின கம்பியைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள். பிறகு, வேறு வழி தெரியாமல், தன் காதைத் தொட்டாள்.

அவருக்கு விளங்கிவிட்டது. பழைய கிற்றாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதியதைத் தோளில் மாட்டினார். மைக் அவருடைய வாய்க்கு முன்னால் இருந்தது. அவளுக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று குனிந்து, தன் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று தெரியாமலே, ஆங்கிலத்தில் சொன்னார்.

“தொமொகியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்குக் காது போய்விட்டது.”

மைதானம் முழுக்க அது போய் விழுந்தது. ஆதிரை பாய்ந்து மைக்கைக் கையால் பொத்தினாள், பொத்தி என்ன பிரயோசனம். முன்வரிசையில் ஒரு தாடிக்காரர் தொப்பியைக் கழற்றினார். பின்னால் தொமொகி இரண்டு குச்சிகளையும் ட்ரம் மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அவள் எதற்காக மைக்கைப் பொத்துகிறாள் என்று ஹிசாவோவுக்குத் தெரியவில்லை. ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்கிற நிம்மதியில் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கையை மெல்ல விலக்கி, அடுத்த பாட்டின் பெயரைச் சனத்தைப் பார்த்துக் கத்தினார். பிறகு தொடக்கம் பிடிப்பதற்காகத் தொமொகியின் முழங்கையைப் பார்க்கத் திரும்பினார்.