மட்டையை வீசாத மாணிக்கவாசகம்

மனித நாகரிகத்தைக் கட்டியெழுப்பியவர்கள் மட்டையை வீசியவர்களே. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர்.

இந்தப் பேருண்மையை 1996ஆம் ஆண்டு நவம்பரில், மவுண்ட் ஆல்பர்ட் பூங்கா ஒன்றில், ஒக்லாந்து தமிழர் சொஃப்ட்போல் அணியின் தலைவர் யோகராஜா ஓர் ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்று அறிவித்தார். அணி கைதட்டியது. பிறகு, பெட்டிக்குள் சோடா இருக்கிறது, கொஞ்சம் இறங்குங்கள் என்று கேட்டுக்கொண்டது.

யோகராஜா யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடியவர். எந்த அளவுக்கு ஆடினார் என்பது கேட்கும் ஆளைப் பொறுத்து மாறும். யாழ்ப்பாணத்தார் யாராவது பக்கத்தில் இருந்தால் கல்லூரியின் இரண்டாவது அணி. இல்லாவிட்டால், ஒரு கடிதம் தாமதமாகி வந்ததால் மட்டுமே தேசிய அணி அவரை இழந்தது. ஒக்லாந்துக் கிரிக்கெட் கழகம் ஒன்று அவருடைய ஐம்பத்திரண்டு வயதைப் பார்த்துவிட்டு, இடைவேளைத் தேநீரைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுக்க முன்வந்தது. அன்றே அவர் சொஃப்ட்போல் அணி ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தானே தலைவரானார்.

சொஃப்ட்போல் என்பது பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மைதானத்தில் நான்கு மூலை. வீட்டு மூலையில் நின்று மட்டை பிடிக்க வேண்டும். முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று சுற்றி மறுபடி வீட்டு மூலைக்கு வந்து சேர்ந்தால்தான் ஒரு ரன். மட்டையை வீசித் தவறவிட்டால் ஒரு குற்றம். மூன்று குற்றம் சேர்ந்தால் ஆள் வெளியே. ஆனால் பந்தை எறியும் பிட்சர் நான்கு பந்துகளைக் கோணலாக எறிந்து, மட்டைக்காரர் ஒன்றுக்கும் மட்டையை வீசாமல் இருந்தால், அவர் வியர்க்காமல் முதல் பேஸுக்கு நடந்து போகலாம். இந்தக் கடைசி விதி விதிப்புத்தகத்தில் ஏதோ அச்சுப்பிழையாக வந்துவிட்டது என்பது யோகராஜாவின் எண்ணம்.

இரண்டாவது வாரம் மாணிக்கவாசகம் வந்து சேர்ந்தார். ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர். காப்புறுதிக் கம்பனி ஒன்றில், எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போடும் வேலை. அப்படிப்பட்ட வேலை பார்க்கிற மனுஷன் சிரித்துக்கொண்டே கைகொடுத்தது யோகராஜாவுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

“நீர் எப்பிடி, அடிச்சு ஆடுற ஆளோ?”

“பாப்போம் லா, அண்ணே,” என்று மலேசிய ‘லா’ ஒன்றைச் சேர்த்துச் சொன்னார் மாணிக்கவாசகம்.

பார்த்தார். அதை மட்டுந்தான் செய்தார். மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவரைப்போல நின்றார். பந்து வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. நான்காவதும் போனதும் மட்டையை மெதுவாகக் கீழே வைத்து, பிட்சரைப் பார்த்து “தாங்க்யூ” என்று சொல்லிவிட்டு முதல் பேஸுக்கு நடந்தார். அடுத்து வந்த றொய்ஸ்டன், மன்னாரிலிருந்து வந்த எலெக்ட்ரீஷியன், ஒரு அடி அடித்தான். மாணிக்கவாசகம் சாவகாசமாகச் சுற்றி வீட்டு மூலைக்கு வந்து சேர்ந்தார். ஒரு ரன்.

முதல் தடவை அது தற்செயல். இரண்டாவது தடவை அதிர்ஷ்டம். நான்காவது ஆட்டம் முடிவதற்குள் மாணிக்கவாசகம் ஒன்பது தடவை அப்படி நடந்துவிட்டார். யோகராஜா யோசிக்கத் தொடங்கினார். அவர் யோசிக்கத் தொடங்கினால் அதில் யாராவது ஒருவர் குற்றவாளியாக இருப்பார்.

“ஒரு பிட்சருக்கு ஆரும் தாங்க்யூ சொல்லுவினமோ?” என்று, சான்ட்ரிங்ஹாமில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி பேர்ணடெட்டிடம் கேட்டார். ஆய்வுகூடம் ஒன்றில் வேலை பார்க்கும் பேர்ணடெட்தான் அணியின் ஸ்கோர் புத்தகத்தை எழுதுகிறவர்.

“பஸ்ஸாலை இறங்கேக்கையும் இஞ்ச எல்லாரும் சொல்லுகினம்தானே.”

“பஸ் ஓட்டுறவன் எதிரணி இல்லை.”

அன்று மாலையே அவர் ஸ்கோர் புத்தகத்தைத் திறந்தார். மாணிக்கவாசகத்தின் பெயருக்கு எதிரே எட்டு ரன் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். எட்டுத்தான்.

“பேர்ணி, உண்மையைச் சொல்லும். ஆர் உம்மை இப்பிடி எழுதச் சொன்னது?”

“ஆர் சொல்ல வேணும்? வீட்டு மூலைக்கு வந்த ஆளுக்குத்தான் ரன்.”

“அடிச்சது றொய்ஸ்டன்!”

“அடிச்ச ஆளுக்கு ரன் குடுக்கிறது கிரிக்கெட்டிலை. இதிலை, முதல் பேஸிலை ஆள் நிண்டால்தான் பின்னாலை வாறவன்ரை அடிக்கு ஒரு பெறுமதி. ஒருத்தரும் நிக்காட்டி என்னத்தை அடிச்சும் என்ன? உங்கட வரியையும் ஒருக்காப் பாருங்கோவன்.”

“என்ரை வரி எனக்குத் தெரியும்,” என்று புத்தகத்தை மூடினார் யோகராஜா.

அவர் மனத்தில் இருந்த வரி வேறு. அதில் அவருடைய அடிகள் வானத்தில் பறந்தன. பறந்தது உண்மைதான், வெகு உயரம் பறந்து, கீழே காத்துக்கொண்டிருந்த யாராவது ஒருவருடைய கையில் சௌகரியமாக இறங்கும். பந்து தரையோடு உருண்டால் இன்னொரு சிக்கல். கிரிக்கெட்டில் அடித்துவிட்டு ஓடாமல் நிற்கலாம். சொஃப்ட்போலில் அடித்தால் ஓடியே ஆக வேண்டும். யோகராஜாவோ பந்தைத் தட்டிவிட்டு, கையை உயர்த்தி, “வெயிற்!” என்று, எதிர்முனையில் இல்லாத கூட்டாளியை நிற்கச் சொல்லிக் கட்டளை இட்டு, அங்கேயே நிற்பார். அதற்குள் பந்து முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இவர் வெளியே. அதெல்லாம் நடுவரின் அவசரம்.

நடுவரும் சந்தேகத்துக்குரியவர்தான். ஐந்தாவது ஆட்டத்தில் அவர் “மோர்னிங், மேனி” என்று மாணிக்கவாசகத்தைச் செல்லப்பெயரில் அழைத்தார். யோகராஜா அதைத் தம் பாக்கெட் டயரியில் நேரத்தோடு குறித்தார்.

ஜனவரியில் பெரிய தடயம் கிடைத்தது. சான்ட்ரிங்ஹாம் வீதியில் ஒரு பலசரக்குக் கடை. பொன்னி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று யோகராஜா விலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மாணிக்கவாசகம் கல்லாவில் ஒரு பெரிய முறுக்குப் பை வாங்கி, வாசலில் நின்ற ஒரு நெட்டை வெள்ளைக்காரனிடம் கொடுத்தார். அவன் கிரெக். பிளாக்ஹவுஸ் பே பிளம்பர்கள் அணியின் பிட்சர். அவன் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு மாணிக்கவாசகத்தின் முதுகில் தட்டினான். யோகராஜா மூட்டைகளுக்குப் பின்னால் இன்னும் குனிந்தார். கடைக்காரர் வந்து, “என்ன அண்ணை, முதுகுப் பிடிப்போ?” என்று கேட்டார்.

ஒரே ஒரு இடத்தில் அவருடைய வழக்கு இடித்தது. கிரெக் மட்டும் என்றால் சரி. ஆனால் லீக்கில் ஐந்து எதிரணிகள், ஐந்து பிட்சர்கள். ஐவருமே மாணிக்கவாசகத்துக்குக் கோணலாக எறிந்தார்கள். வேறொருவர் இங்கே சந்தேகத்தை விட்டிருப்பார். யோகராஜா ஒரு படி மேலே போனார். ஐந்து அணியையும் முறுக்கால் வாங்கக்கூடியவன் என்றால் அவன் எவ்வளவு ஆழமானவன்!

பெப்ரவரியில் சதியின் நோக்கமும் வெளிப்பட்டது. பயிற்சி முடிந்து எல்லாரும் புல்லில் உட்கார்ந்திருந்தபோது றொய்ஸ்டன் தொண்டையைச் செருமினான்.

“யோகண்ணை, கோவிக்கப்படாது. கடைசி ஆட்டம் முடிய அடுத்த வருசத்துத் தலைவரைக் கை உயர்த்தித் தெரிவு செய்வம் எண்டு பெடியள் சொல்லுகினம்.”

“தெரிவோ? நான்தானே இருக்கிறன்.”

“ஓம், இருக்கிறியள். அதைப் பற்றித்தான் கதைக்கினம். இனிமேல் ஆர் கூடுதலான தடவை பேஸுக்குப் போயினமோ அவையை முதல்லை ஆட விடுவம் எண்டும் ஒரு யோசனை.”

“அப்பிடிப் பாத்தால் முதல் ஆள் ஆர்?”

எல்லாருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. மாணிக்கவாசகம் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

யோகராஜாவுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. தலைமைப் பதவி. ஈப்போவில் திட்டமிட்டு, பிட்சர்களை வளைத்து, நடுவரைப் பிடித்து, கடைசியில் நாற்காலி. இந்த நகரத்தில் அவரை யாராவது “கப்டன்” என்று கூப்பிடுகிற ஒரே இடம் இந்தப் புல்தரை. வேலையிடத்தில் அவர் “யோகி”. தபால் பிரிப்புப் பகுதியில் மூன்றாவது மேசை.

அந்த வாரமே அவர் மூன்று பக்கத்தில் ஒரு குற்றப்பத்திரிகை தட்டெழுதினார். பதினொரு குற்றச்சாட்டுகள். முறுக்கு நான்காவது. கடைசி ஆட்டம் முடிந்ததும், வாக்கெடுப்புக்கு முன்னால், எல்லார் முன்னிலையிலும் வாசிப்பதாகத் திட்டம்.

மார்ச் மாதம், கடைசி ஆட்டம், கிரெக்கின் அணியோடு. குற்றப்பத்திரிகை யோகராஜாவின் பின்பாக்கெட்டில் இருந்தது. கடைசிச் சுற்றில் தமிழர் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் ஏற்கெனவே வெளியே. இன்னும் ஒருவர் வெளியேறினால் ஆட்டம் முடிந்தது. ஆனால் மூன்று பேஸிலும் ஆள். மூன்றாம் பேஸில், வழக்கம்போல நடந்தே போய்ச் சேர்ந்த மாணிக்கவாசகம். மட்டை பிடிக்க வந்தவர் கப்டன் யோகராஜா.

முதல் பந்து கோணல். இரண்டாவது தரையில் பட்டு வந்தது. மூன்றாவது அவருடைய தொப்பிக்கு மேலே போனது. அவர் வீசாததற்குக் காரணம் ஞானம் அல்ல, கண்ணில் வியர்வை.

மூன்று கோணல். இன்னும் ஒன்று வந்தால் யோகராஜா முதல் பேஸுக்கு நடப்பார், எல்லாரும் ஒவ்வொரு பேஸ் நகர்வார்கள், மாணிக்கவாசகம் வீட்டுக்கு வருவார், ஆட்டம் சமன். சும்மா நின்றால் போதும்.

“அண்ணே! ஒண்ணும் செய்யாதீங்க லா! சும்மா நில்லுங்க!” என்று மூன்றாம் பேஸிலிருந்து குரல் வந்தது.

யோகராஜாவுக்குச் சட்டென்று விளங்கியது. அடப்பாவி, என்னையும் சேர்க்கப் பார்க்கிறான்! தானும் இப்படி நடந்து போனால் பின்பாக்கெட்டில் இருக்கிற மூன்று பக்கத்துக்கும் என்ன மரியாதை? முறுக்கே தின்னாமல் கூட்டாளி ஆகிவிடுவாரே. அதற்காகத்தான் கிரெக் வேண்டுமென்றே கோணலாக எறிகிறான்.

அடுத்த பந்து ஒரு முழம் வெளியே வந்தது. யோகராஜா எட்டி வீசினார். காற்று. அதற்கடுத்தது கணுக்காலுக்குக் கீழே. குனிந்து வீசினார். காற்று.

“யோகண்ணை, அது பந்தே இல்லை, விடுங்கோ!” என்று றொய்ஸ்டன் கத்தினான்.

கடைசிப் பந்து கிரெக்கின் கையிலிருந்து நழுவி, பக்கத்து மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பக்கமாகப் போகத் தொடங்கியது. யோகராஜா இரண்டு அடி பாய்ந்து அதற்கும் வீசினார். கிரெக்கே “சொரி, மேட்” என்று மன்னிப்புக் கேட்டான். ஆட்டம் முடிந்தது. மூன்று பேர் மூன்று பேஸிலும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

சொசேஜ் சுடும் இடத்தில் இரு அணிகளும் கூடியிருந்தபோது யோகராஜா காகிதத்தை எடுத்தார். பதினொரு குற்றச்சாட்டையும் வாசித்தார். நான்காவதற்கு வரும்போது மாணிக்கவாசகத்தின் வாயில் சொசேஜ் அப்படியே நின்றது.

“சாட்சி இருக்குது,” என்று சொல்லி, யோகராஜா ஆங்கிலத்துக்கு மாறி கிரெக்கைக் கூப்பிட்டார். இந்த மனிதருக்கு மட்டும் ஏன் கோணலாக எறிகிறாய்? எல்லாருக்கும் முன்னால் சொல்.

கிரெக் தக்காளி சோஸைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். அவன் சொன்னதன் சாரம் இது: “நான் எல்லாருக்கும் கோணலாகத்தான் எறிகிறேன், மேட். எனக்கு நேராக எறியத் தெரியாது. இந்த லீக்கில் ஒருவனுக்கும் தெரியாது. தெரிந்தால் இந்த லீக்கில் ஏன் இருக்கப் போகிறோம்? மேனி வீசுவதில்லை. நீங்கள் வீசுகிறீர்கள்.”

“அந்த முறுக்கு?”

“அந்த மொறுமொறுப்பானதா? அவர் வீட்டு வெந்நீர் சிலிண்டரைத் திருத்தினேன். இன்னும் இருக்கிறதா?”

மாணிக்கவாசகம் சொசேஜை விழுங்கினார். “அண்ணே, எனக்கு அடிக்கத் தெரியாது லா. அதுதான் வீசறதில்ல. தெரிஞ்சா வீசியிருப்பேன்.”

யோகராஜா காகிதத்தை மடித்தார். இவ்வளவு சரியாகப் பதில் வருகிறதென்றால் எவ்வளவு நாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை.

“சரி, வாக்கெடுப்பம்,” என்றார். “ஆனால் முதல்லை ரெண்டு பேற்றையும் கணக்கை வாசிக்க வேணும். பேஸுக்குப் போறதுதான் பெரிசு எண்டால் அதையே வாசியும், பேர்ணி. ஒண்டையும் ஒளிக்காதையும்.”

“வேண்டாமப்பா,” என்றார் பேர்ணடெட்.

“வாசியும்!”

பேர்ணடெட் புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பருவம் முழுவதும் மாணிக்கவாசகம் மட்டை பிடித்தது நாற்பது தடவை. பேஸை அடைந்தது இருபத்தாறு தடவை. யோகராஜா மட்டை பிடித்தது நாற்பத்தொரு தடவை. முதல் பேஸில் அவர் கால் பட்டது ஒரே ஒரு தடவை. அது அணிப் படம் எடுத்த அன்று.