வாயில் படாத சாராயம்

யாவ் அம்போன்சாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதுவும் நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெண் கேட்கப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேனை விட்டு இறங்கியவன் இறங்கிய கோலத்திலேயே நின்றுவிட்டான். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. குமாசிப் பட்டணத்துக்கும் எஜிசு ஊருக்கும் நடுவே இருபத்தாறு வருஷம் குண்டும் குழியுமாக வேன் ஓட்டிய இடுப்பு, பாவம், வேறென்ன செய்யும்?

பெண் வேறு யாருமில்லை, கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் சேர்வாதான். யாவுக்கு ஐம்பது, மனைவி போய் ஏழு வருஷம். சேர்வாவுக்கு நாற்பத்தி நாலு, புருஷனைக் குடி கொண்டுபோய் நாலு வருஷம். அந்த மனுஷன் தினமும் குடித்துவிட்டு, புதினாவை மென்றுகொண்டு வந்து, பைபிள்மேல் கைவைத்து "தொடவே இல்லை" என்று சொன்னவன். ஆகவே யாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆறு மாசம் ஒரு சொட்டு உங்க வாயில படக் கூடாது. பட்டுச்சுன்னா என் வாசல் பக்கமே வராதீங்க."

யாவ் ஆறு மாசமும் தொடவில்லை. சாவு வீடுகளில்கூட ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எஜிசுவில் ஒரு ஓட்டுநர் சாவு வீட்டில் ஜூஸ் குடிப்பது சாமானிய விஷயமா? ஊரே கைகொட்டிச் சிரித்தது. சேர்வாவுக்காக அதையும் பொறுத்துக்கொண்டான்.

இடுப்பு வலிக்கு அவள் கடையிலேயே மாத்திரை இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்த ஊரில் ஐம்பது வயது மாப்பிள்ளை இடுப்பு போய்விட்டது என்று வாயைத் திறந்தால், ஜனங்கள் முதுகெலும்பையா நினைப்பார்கள்? கல்யாணமே வேண்டாம், கைத்தடி வாங்கிக் கொடுங்கள் என்று விடுவார்கள். யாவ் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் சுவரைப் பிடித்து நடந்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் கூட்டாளி தாச்சி வந்தான். இன்னொரு வேன் ஓட்டுகிறவன், உலகத்தில் தனக்குத் தெரியாத வைத்தியம் இல்லை என்கிற நினைப்பு. கையில் ஒரு பாட்டில். உள்ளே வேரும் பட்டையும் ஊறிய சாராயம், தார் மாதிரி கறுப்பு.

"ரெண்டு டம்ளர். குதிரை மாதிரி நிப்ப."

"அறிவிருக்காடா உனக்கு? இன்னிக்கு நான் சாராயம் குடிக்கறதா? அவ சித்தி போமா மாப்பிள்ளை வாயை மோந்து பார்க்காம சீர் பாட்டிலைத் தொட விடமாட்டா."

தாச்சி சுவரைப் பார்த்தான். ஆணியில் பெந்துவா தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. நீண்ட மூக்கு வைத்த ரப்பர் பந்து, அவ்வளவுதான். பிள்ளைக்கு வயிறு உப்பினாலும் பெரியவருக்குக் காய்ச்சல் வந்தாலும் இஞ்சியும் மிளகாயும் அரைத்துக் கலக்கி, பந்தில் உறிஞ்சி, குனிய வைத்துப் பின்பக்கமாக ஒரு அழுத்து. அதைப் பார்த்தாலே நாய்கூட ஓடும்.

"அவ என்ன சொன்னா? வாயில படக் கூடாதுன்னா. வாய்க்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றான் தாச்சி. "வலி எங்க? கீழ. மருந்தும் கீழயே போகட்டுமே. தலைக்கு ஏறணும்னா அது எவ்வளவு தூரம் போகணும், யோசிச்சுப் பாரு."

யாவ் யோசித்துப் பார்த்தான். அங்கேதான் கெட்டது. சரியாகத்தான் இருக்கிறது என்று பட்டது. சாராயம் மேலே போட்டால் மேலே வேலை செய்யும், கீழே போட்டால் கீழே வேலை செய்யும். வாக்கும் போகாது, வலியும் போய்விடும். வேட்டியாகச் சுற்றியிருந்த துணியைத் தூக்கிக்கொண்டு குனிந்தான்.

"ஐயோ! படுபாவி, எரியுதுடா!"

"இஞ்சி கொஞ்சமாத்தான் போட்டேன். அசையாதே."

அரை மணி நேரத்தில் இடுப்பு நிமிர்ந்தது. யாவ் பண்டிகைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப் போய் தாச்சியின் வேனில் ஏறினான். பாதி வழியில் தெருவோரத்து ஆடுகளெல்லாம் ரொம்ப அழகாக இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. தாச்சியிடம் சொன்னான். தாச்சி திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

சேர்வா வீட்டு முற்றத்தில் இரண்டு பக்கமும் நாற்காலி. நடுவே ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் சீராகக் கொண்டுவந்த இரண்டு பாட்டில் ஜின், ரிப்பன் கட்டி. முறைப்படி மாப்பிள்ளை வாயே திறக்கக் கூடாது. அவன் பக்கத்துக்குப் பேச வந்த தாச்சிதான் பேச வேண்டும். தாச்சி தொண்டையைக் கனைத்து, "உங்க தோட்டத்துல ஒரு அழகான பூவைப் பார்த்தோம்..." என்று ஆரம்பித்தான்.

"பூவாவது மண்ணாவது!" யாவ் எழுந்து நின்றான். "சேர்வாவைத்தான் கேட்டு வந்திருக்கோம்! மாமா, உங்க மூஞ்சி இருக்கே, எனக்கு ரொம்பப் பிடிச்ச மூஞ்சி!"

சேர்வாவின் தாய்மாமன் ஒபெங்தான் அந்த வீட்டில் கடைசி வார்த்தை சொல்கிறவர். அவர் மூஞ்சியைப் பற்றி இதுவரை யாரும் பேசியதில்லை. சித்தி போமா எழுந்து வந்து யாவின் தாடையைப் பிடித்து, மூக்கை நீட்டி மோந்தாள்.

"குடிச்சிருக்கான்! நாத்தம் குடலைப் புடுங்குது!"

யாவுக்குப் பொறி கலங்கியது. வாயில் படவே இல்லையே, வாய் எப்படி நாறும்? உள்ளேயிருந்து சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சேர்வா வெளியே வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. நேராக அவன் முன்னால் வந்து நின்றாள்.

"குடிச்சீங்களா?"

தாச்சி பின்னாலிருந்து, "இருமல் டானிக்னு சொல்லு, இருமல் டானிக்," என்று முணுமுணுத்தான். யாவ் அவள் கண்களைப் பார்த்தான். நாலு வருஷம் முன்னால் வேறொருவனை இதே கேள்வி கேட்ட கண்கள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வாயால குடிக்கல, சேர்வா. இடுப்பு போச்சு. சொல்ல வெக்கமா இருந்துச்சு. வேர்ச் சாராயத்தை பெந்துவால ஏத்திக்கிட்டேன். ரெண்டு டம்ளர். கீழேயே நிக்கும்னு நினைச்சேன்."

ஒபெங் மாமா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார். போமா சித்தி தூணைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர்மேல் ஏறி என்ன என்ன என்று கேட்டார்கள், சொன்னார்கள், அவர்களும் சிரித்தார்கள். யாவுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

சேர்வா மட்டும் சிரிக்கவில்லை.

"அறிவு கெட்ட மனுஷா! வாய் வழியாப் போனா வயிறும் கல்லீரலும் வழியில கொஞ்சம் பிடிச்சு வெக்கும். நீ குறுக்கு வழியில ரத்தத்துலயே கொண்டுபோய் ஊத்தியிருக்க. ரத்தம் நுரையீரலுக்குப் போகும், மூச்சுல வரும். எந்த வாசல் வழியாப் போனாலும் வீடு ஒண்ணுதான்யா! இன்னும் ரெண்டு டம்ளர் ஏத்தியிருந்தா இன்னிக்குப் பொணமாத்தான் வந்திருப்ப. இன்னொரு பொணத்தை என்னால பார்க்க முடியாது!"

குரல் உடைந்தது. ஒபெங் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முறை முறைதான், பெண்ணிடம் மூன்று தடவை கேட்டாக வேண்டும்; பாட்டிலை வாங்கச் சொன்னால் சம்மதம் என்று அர்த்தம்.

"சேர்வா, இந்த பாட்டிலை வாங்கலாமா?"

சேர்வா யாவின் பக்கம் திரும்பினாள்.

"வாங்கலாமா?"

அவள் யாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யாவ் தலையைத் தூக்கவில்லை.

"கடைசியாக் கேக்கறேன்ம்மா. வாங்கலாமா, வேண்டாமா?"

"அவர் பொய் சொல்லியிருக்கலாம்," என்றாள் சேர்வா. "ஊரே சிரிக்கும்னு தெரிஞ்சும் சொன்னார். என்கிட்ட பதினஞ்சு வருஷம் ஒருத்தர் உண்மையே சொன்னதில்ல. வாங்கிக்குங்க மாமா. அந்த பெந்துவாவையும் சேர்த்து வாங்கிக்குங்க, என் கடையில பூட்டி வெக்கணும்."

முற்றம் மறுபடி ஆரவாரித்தது. யாவ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சேர்வா அவன் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"இடுப்பு இப்ப எப்படி இருக்கு?"

"வலியே தெரியல."

"தெரியும், நாளைக்கு. மாத்திரை எடுத்து வெக்கறேன், தெளிஞ்சதும் வாங்க. என் முன்னாடியே போடணும். வாயால."