‘கைண்ட்லி’ போட்ட சீட்டு

தனகோடி குழியின் விளிம்பில் குனிந்து பார்த்தான். குழியின் கிழக்குச் சுவரில் காலையில் நூலாகத் தெரிந்த விரிசலில் இப்போது இரண்டு விரல் நுழைந்தது. இருபதடிக்குக் கீழே எட்டுப் பெண்கள் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி அவன் பெண்டாட்டி கலியம்மாள்.

1961ஆம் வருஷம். நெய்வேலியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பு பிளாக்குக்குக் குழாய் பதிக்க, காண்ட்ராக்டர் ஒருவர் வெட்டிய குழி அது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் என்பதால் தனகோடி சூப்பர்வைசர். ஆனால் வேலையை நிறுத்தும் அதிகாரம் இன்ஜினியர் துரைக்கு மட்டும்தான். அவர் வடக்கத்திக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. எதுவானாலும் இங்கிலீஷில் சீட்டு எழுதி அவருடைய ஷெட்டுக்கு அனுப்ப வேண்டும்.

போன மாதம் பம்பு நின்றபோது ‘கம் சூன்’ என்று எழுதி அனுப்பிவிட்டான். துரைக்கு வந்ததே கோபம்! “நான் என்ன உன் வேலைக்காரனா?” என்று எல்லார் எதிரிலும் சீட்டைக் கிழித்து எறிந்தார். இன்னொரு தடவை மரியாதை தப்பினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார்.

தனகோடி பென்சிலை எடுத்தான். ‘கம்’ என்று எழுதினான். ஐயையோ, வேலை போய்விடுமே! அதை அடித்தான். ‘கைண்ட்லி கம்’ என்று எழுதினான். அதுவும் அவனுக்கு மொட்டையாகவே பட்டது. கடைசியில், ‘தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது’ என்ற பாணியில் கோர்ட்டு இங்கிலீஷில் நாலு வரி ஒப்பேற்றினான். பாவி மனுஷன், விரிசலைக் கொண்டுபோய் நாலாவது வரியில் வைத்தான்!

சீட்டு கொண்டுபோன வாட்ச்மேன் வேலுமணி சைக்கிளில் திரும்பி வந்தான். “தொரை ரெண்டு வரி பாத்துட்டு தட்டுல வெச்சிட்டாருங்க. சாப்பாட்டுக் கேரியரைக் காட்டினாரு. அப்பறமா பாப்பாரு போல.”

அந்நேரம் சுவரிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. “மண்ணு உதிருதுடி!” என்று கீழே பேச்சியம்மாள் சிரித்தாள். தனகோடி வேறு தாளில் ‘கம். வால் ஃபாலிங்’ என்று கிறுக்கினான்.

“ஓடு வேலுமணி!”

ஜீப் வந்தது. துரை சீட்டைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு கடுகடுவென்று இறங்கினார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. “அவுட்! அவுட்!” என்று கத்தினார். கீழே ஒருத்திக்கும் புரியவில்லை. அப்போதுதான் தனகோடி குழியைப் பார்த்து வாய் திறந்தான்.

“எல்லாத்தையும் போட்டுட்டு மேல ஏறுங்க!”

ஏழு பேர் ஏறிவிட்டார்கள். கடைசியாக வந்த கலியம்மாளின் கையைப் பிடித்து அவன் இழுத்ததும், கிழக்குச் சுவர் மொத்தமாகச் சரிந்து குழியை மூடியது.

துரை அவன் தோளைத் தட்டினார். வேலுமணிக்குப் பெருமை தாங்கவில்லை. “விரிசலைக் காலையிலயே கண்டுட்டாரும்மா! மரியாதையான வார்த்தையாத் தேடிகினு எத்தினி தாளு எழுதினாரு தெரியுமா?”

கலியம்மாள் முகத்து மண்ணைத் துடைப்பதை நிறுத்தினாள்.

“காலையிலயேவா?”

அவள் தனகோடி பக்கம் திரும்பினாள்.

“ஏன்யா, தொரைக்கு நல்ல வார்த்தையாத் தேடிகினு இருந்தியே, கீழ கெடந்த எனக்கு ‘ஏறுடி’ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?”

அவன் பிடித்திருந்த கையை உதறிவிட்டு, அவள் பேச்சியம்மாளோடு நடந்தாள்.