உறை ஊற்றிய கொதிகலன்

கவெட்ஸ்கி வீட்டு நீராவிக் கொதிகலன் 1949 ஜனவரிக்குப் பிறகு நிலக்கரி கேட்கவில்லை, எரிவாயுவும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு குளிர்காலம் அது அந்த வீட்டின் கடைசி மகள் ஒத்திலியாவின் உடம்புச் சூட்டில்தான் ஓடியது. பஃபலோ நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், எங்கள் தெருவில், இது எல்லாருக்கும் தெரியும். யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று தெரிந்திருப்பதைப் போலத் தெரியும். ஆரம்பித்த விதம் சாதாரணமானது. பனிப்புயலில் நிலக்கரி வண்டி நான்கு நாள் வரவில்லை. தாய் லியோகாடியா, பத்தொன்பது வயது மகளை நிலவறைக்கு அனுப்பி, கொதிகலனின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்த்து வரச் சொன்னாள். அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. சில்லிட்டுப்போன இரும்பைப் பார்த்துப் பரிதாபப்பட்ட பெண், அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்தாள். குழாயில் தண்ணீர் துள்ளியது. கால் மணி நேரத்தில் மேலே, நீராவி ஏறி அறைகளைச் சூடாக்கும் பதினோரு ரேடியேட்டர்களும் சீறத் தொடங்கின. அவள் நீலம் பாரித்த உதடுகளோடு படியேறி வந்தபோது அம்மா சமையலறையில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நிலக்கரி வந்தது. யாரும் அதை அள்ளவில்லை. அந்தக் குவியல் நிலவறை மூலையில் கிடந்து, பூனை குட்டி போடும் இடமாயிற்று. தெருவெல்லாம் எரிவாயுவுக்கு மாறிய காலத்தில், கவெட்ஸ்கி வீட்டு மீட்டர் மட்டும் அசையாததைப் பார்த்துக் கம்பெனிக்காரர் இரண்டு முறை மீட்டரையே மாற்றினார். மூன்றாம் முறை வந்தவர் காபி குடித்து, நனைந்த காலுறைகளை ரேடியேட்டர்மேல் காயவைத்து எடுத்துக்கொண்டு போனார். பங்குச் சாமியார், தாய் தந்தையருக்குப் பிள்ளை செய்யும் தொண்டு இது என்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

ஒத்திலியா ஜூலை மாதத்திலும் கம்பளிக் கோட்டோடுதான் இருந்தாள். குளிர்காலத்தில் அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் பனித்துகள் இருக்கும். மற்றவர்கள் அதைத் துடைத்துவிட்டு உட்காருவார்கள். வீட்டார் அவளை வீணாக்கவும் இல்லை. விசேஷ நாளில் பீர் பாட்டில்களை அவள் காலடியில் அடுக்கினார்கள். பன்றிக்கால் சாற்றை உறைய வைத்துச் செய்யும் கலரெட்டாவை, தட்டோடு அவள் மடியில் வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் கத்தி போடும் பதத்துக்கு வந்துவிடும். 1956-இல் ஒருமுறை கிளீவ்லாந்தில் இருந்த சித்தி வீட்டுக்கு ரயிலேறிப் போய்விட்டாள். தூரம் கூடக்கூடக் கொதிகலன் பலமாக இழுத்தது. பாதி வழியிலேயே கண்ணிமைகள் பனியில் ஒட்டிக்கொண்டன. சித்தி வீட்டார் அடுத்த ரயிலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அம்மா, போனதற்காகத் திட்டவில்லை. வீடு அன்றைக்கு அளவுக்கு மீறிச் சூடாகி மெழுகுவர்த்திகள் எல்லாம் வளைந்துவிட்டன என்பதற்காகத் திட்டினாள்.

ஆல்பினின் கதை அதற்கு முந்தியது. 1952-இல் தேவாலயக் கூடத்தில் நடந்த நடனத்தில், குழாய் வேலை கற்றுக்கொண்டிருந்த ஆல்பின் ஒரு முழுப் பாட்டுக்கும் அவள் கையை விடவில்லை. நல்ல பையன், வலித்தும் விடவில்லை. பாட்டு முடிந்தபோது வலக்கையில் இரண்டு விரல்கள் வெளுத்து மரக்கட்டையாகியிருந்தன. மருத்துவமனையில் ஒன்றை முழுசாகவும் இன்னொன்றைப் பாதியும் வெட்டினார்கள். ஆல்பின் பேக்கரிக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு, எட்டரை விரல்களோடு ஊரிலேயே பேர்போன நீராவி வேலைக்காரர் ஆனார்.

அம்மா போன பிறகு மேல்மாடியில் அண்ணன் ஃப்ளோரியன் குடும்பமும், பின்கட்டில் விதவையான அக்கா வாண்டாவும், முன்னறையில் ஒத்திலியாவும் இருந்தார்கள். வெளியே பனி இடுப்பளவு கிடக்கும்போது ஃப்ளோரியன் பனியனோடு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பேப்பர் படிப்பார். எரிவாயுக் கொதிகலன் ஒன்று வைத்தால் தங்கைக்கு நிம்மதியாக இருக்குமே என்று அண்டை வீட்டார் ஒருமுறை சொன்னதற்கு, அவர் ரொம்ப யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"அவ சும்மாதான உக்காந்திருக்கா. காச கம்பெனிக்காரனுக்குக் குடுக்கிறத விட, இருக்கிறத வீட்லயே எடுத்துக்கிறதுல என்ன தப்பு?"

1984-இல் கொதிகலன் ஒழுக ஆரம்பித்தது. வாண்டா, ஓட்டையை அடைக்க ரை தானிய மாவைக் கரைத்து உள்ளே ஊற்றினாள். பழைய ஆட்கள் செய்கிற வேலைதான் அது. மாவு அடைத்துக்கொண்டது, ஆனால் அந்த வருஷம் முழுக்க எல்லா ரேடியேட்டரும் புளித்த சூப் வாசனையை ஊதிக்கொண்டிருந்தன. வாண்டாவுக்கு அந்த மாவு விஷயத்தில் கைராசி உண்டு. புளிச்ச சூப்புக்கான மாவு ஜாடி அவள் வசம்தான் இருந்தது. தீருவதற்கு முன் ஒரு கோப்பை பழையதை எடுத்து வைத்து, அதையே உறையாக விட்டுப் புதியது புளிக்க வைப்பாள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் செய்தாள். பழைய நாட்டிலிருந்து கப்பலேறி வந்தபோது மடியில் துணி சுற்றிக் கொண்டுவந்த உறை அது என்பார்கள்.

1987 நவம்பரில் கொதிகலனின் பின்பக்க இரும்பு, குறுக்கே பிளந்துவிட்டது. இனி மாவும் உதவாது. ஆல்பின் வந்தார், மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பழைய கொதிகலனின் தகட்டில் பொறித்திருப்பதைப் பார்த்து அதே அளவுக்குப் புதியது வாங்குகிறவன் மடையன் என்பது அவர் கொள்கை. அதனால் வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் உயரத்தை அளந்து, மடிப்புகளை எண்ணிக் குறித்தார். முன்னறைக்கு வந்தபோது, கோட்டுக்குள் சுருண்டிருந்த ஒத்திலியாவின் பக்கத்திலிருந்த ரேடியேட்டரையும் எண்ணினார். புதியது எரிவாயுவில் ஓடும், தானாகப் பற்றிக்கொள்ளும், யாரையும் கேட்காது என்று அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்புறம் எனக்கு வேர்க்குமா?"

"ஆகஸ்டுல எல்லாருக்கும் வேர்க்கும், ஒத்திலியா. உனக்கு மட்டும் எதுக்கு வேர்க்காம போகுது?"

வேலைக்கு மூன்று நாள் பிடித்தது. பழைய கொதிகலனின் தண்ணீரை வடித்தார். பிறகு சம்மட்டியால் அடித்துத் துண்டு துண்டாகப் படியில் ஏற்றினார்கள். முதல் அடிக்கே மேலே ஒத்திலியாவின் முழங்கால்களில் சூடு ஏறியது. முதல் நாள் சாயங்காலம் கையுறையைக் கழற்றினாள். இரண்டாம் நாள் கோட்டைக் கழற்றினாள். மூன்றாம் நாள் மேலுதட்டில் ஈரமாக ஏதோ பட, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. ஐம்பத்தேழு வயதில் அழுகையும் சிரிப்புமாகக் கண்ணாடி முன் நின்றாள். அந்த மூன்று நாளும் ஃப்ளோரியன் இரண்டு கோட்டுகளைப் போட்டுக்கொண்டு, தன்னை யாரோ கொள்ளையடித்துவிட்டதைப் போல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாண்டா குளிரில் பல் தந்தியடிக்க, "ஒருத்தி சொகப்படணும்னா வீடே நடுங்கணுமா?" என்று கேட்டாள். ஒத்திலியா அதற்கு மன்னிப்புக் கேட்டாள். முப்பத்தெட்டு வருஷப் பழக்கம்.

மூன்றாம் நாள் மதியம் அவள் நிலவறைக்குப் போய் ஆல்பினிடம் கையை நீட்டினாள். அவர் தயங்காமல் விரல் குறைந்த அந்த வலக்கையைக் கொடுத்தார். அவள் கை சூடாக இருந்தது. பாட்டு ஒன்று முடிகிற நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போகலாமா என்று கேட்டார். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை மீனுக்குக் கூப்பிடுவது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் நீலக் கவுனைத் தேய்க்க மேலே ஓடினாள்.

ஆல்பின் புதுக் கொதிகலனில் குழாய்த் தண்ணீரை நிரப்பித் தீயைப் பற்றவைத்து, வேறு ஒன்றும் சேர்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, ரேடியேட்டர்களின் காற்றுப்போக்கிகளைப் பார்க்கப் போனார். ஒத்திலியா தேய்த்த கவுனை அவரிடம் காட்டலாம் என்று நிலவறைப் படியிறங்கியபோது, வாண்டா ஊறுகாய் ஜாடி ஒன்றைப் புதுக் கொதிகலனின் மேல் திறப்பில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பழுப்புத் தண்ணீரின் கடைசிச் சொட்டு விழுந்தது.

"என்னக்கா ஊத்துற?"

"பழையதுல இருந்த தண்ணி. ஒரே ஒரு ஜாடிதான்டி. உறை இல்லாம எது பிடிக்கும்?"

ஒத்திலியாவுக்குக் குளிர் முதலில் பாதத்தில் தெரிந்தது. பிறகு முழங்காலில். புதுக் கொதிகலனின் எரிவாயுத் தீ, யாரோ ஊதியதைப் போல அணைந்தது. தண்ணீர் இன்னும் பலமாகக் கொதித்தது. ஓடி வந்த ஆல்பின் தண்ணீரை வடித்தார், கழுவினார், நிரப்பினார். மூன்று தடவை இப்படிச் செய்தார். தீயைப் பற்றவைத்தால் அணைந்தது, தண்ணீர் மட்டும் கொதித்தது. நீராவி ஏற்கெனவே பதினோரு ரேடியேட்டர்களையும் சுற்றிவிட்டு வந்திருந்தது. அவள் கவுனைத் தோளில் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னொண்ணு மாத்திப் போட்டா?"

"குழாய் பூரா ஏறிருச்சு. வீட்டையே இடிச்சாத்தான் போகும்."

மாடியில் ஃப்ளோரியன் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

வாண்டா, கைப்பழக்கத்தில் செய்துவிட்டதாகச் சாமியாரிடம் சத்தியம் செய்தாள். சாமியார் நம்பினார், தெருவும் நம்பியது. நம்பிக்கையில் குறை சொல்ல என்ன இருக்கிறது, எல்லாரும் அந்த வீட்டில் கதகதப்பாக உட்கார்ந்து காபி குடித்தவர்கள்தானே. ஒத்திலியாவுக்கு மட்டும் ஒன்று தெரியும். அந்த ஜாடியை, பழைய கொதிகலனை வடித்த அன்றே நிரப்பித் துண்டில் சுற்றி, வாண்டா மூன்று நாளும் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். பெருக்கும்போது ஒத்திலியாதான் அதைப் பார்த்தாள். சூப்புக்கான உறை என்று நினைத்து, உடைந்துவிடாமல் சுவரோரம் தள்ளி வைத்தவளும் அவள்தான்.

வெள்ளிக்கிழமை அவர்கள் மீன் சாப்பிடப் போனார்கள். ஆல்பின் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவர். அவள் கோட்டுக்குள்ளிருந்த நீலக் கவுன் தெரியும்படி ஒரு பொத்தானைத் திறந்துவைத்திருந்தாள். தட்டு வந்ததும் மீனைச் சுற்றியிருந்த எண்ணெய் வெள்ளையாகக் கட்டியது. அவர் வானிலையைப் பற்றிப் பேசினார், தன் மீனைச் சீக்கிரமாகச் சாப்பிட்டார், வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது கையுறையைக் கழற்றவில்லை. அவள் அவரைக் குறை சொல்லவில்லை. மிச்சமிருந்த எட்டரையையாவது அவர் வைத்துக்கொள்ளட்டும் என்று வாண்டாவிடம் சொன்னாள். வாண்டா, "அதுவும் சரிதான்" என்றாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கலரெட்டா இருபதே நிமிஷத்தில் உறைந்தது. பழைய கொதிகலனில் ஒரு மணி நேரம் ஆகுமே, புதுச் சாமான் புதுச் சாமான்தான் என்று வாண்டா சந்தையில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். எங்கள் தெருவில் நாலு வீட்டார் அதே மாதிரிக் கொதிகலன் வாங்கினார்கள். அவர்களுக்கு எரிவாயு கொஞ்சம் அதிகமாகவே செலவாயிற்று. ஒத்திலியாவின் மடியில் இப்போது ஒரு மதியத்துக்குள் ஏழு தட்டுகள் உறைந்தன. ஒன்று உறைந்ததும் அவளே கத்தியால் குத்திப் பார்த்து, "ஆச்சு, அடுத்தத வை" என்பாள்.

நீராவி வேலைக்காரர்கள், தாங்கள் போட்ட கொதிகலனில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம்: தேதி, ரேடியேட்டர்களின் எண்ணிக்கை, எரிபொருள், வருஷப் பரிசோதனைக் கையெழுத்து. ஆல்பின் எழுதிய அட்டை இன்னும் அங்கே தொங்குகிறது. எரிபொருள் என்ற இடத்தில் எரிவாயு என்று எழுதி அடித்துவிட்டு, பக்கத்தில் ஒத்திலியா என்று எழுதியிருக்கிறது. ஒவ்வொரு அக்டோபரும் அவர் வந்தார். கீழே அழுக்குத் தண்ணீரை ஒரு வாளி இறக்கினார், கண்ணாடிக் குழாயைத் துடைத்தார், பிறகு முன்னறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒத்திலியா கோட்டுக் கையை மேலே சுருட்டிக் காட்டுவாள். அவர் கையுறையோடு மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு பாட்டு முடிகிற நேரம் அப்படியே இருந்துவிட்டு, கீழே போய் அட்டையில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினான்கு கையெழுத்துகள் இருக்கின்றன.